லண்டனில் நமது முதல் தூதர் – வி.கே. கிருஷ்ண மேனன்

மலர்க்குழு நண்பர்கள் இருவர் சென்ற மாதம் திருவானைக்காவலுக்கே வந்துவிட்டார்கள். சங்கத்தின் மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும், ஆனால் வருஷா வருஷம் எழுதப்படும் காந்தியடிகள், காமராஜர், இராமானுஜன் வேண்டாம், இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாத ஆளாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. யோசித்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் நாடே பேசிய பெயர், இன்று பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வியாகக்கூட வருவதில்லை என்றால் அது வி.கே. கிருஷ்ண மேனன்தான்.

ஐம்பது, அறுபதுகளில் படித்த அண்ணன்மார்களுக்குக் கல்லூரி நூலகங்களில் வரிசையாக நின்ற நீல அட்டைப் புத்தகங்கள் ஞாபகம் இருக்கும். பெலிக்கன் வரிசை. பொருளாதாரம், விஞ்ஞானம், சரித்திரம், மனோதத்துவம் எல்லாம் கையடக்கமாக, மாணவன் வாங்கக்கூடிய விலையில். 1937-ல் பெர்னார்ட் ஷாவின் நூலோடு லண்டனில் அந்த வரிசை தொடங்கியபோது அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் கிருஷ்ண மேனன். பென்குவின் முதலாளி ஆலன் லேனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, அடுத்த வருஷமே பிரிந்துவிட்டார்கள். அவருடைய வாழ்க்கையில் இது அடிக்கடி நடக்கிற கதை. ஆரம்பித்து வைப்பார், பிரமாதமாகச் செய்வார், கூட இருப்பவரோடு மோதிக்கொண்டு வெளியே வருவார். ஆனால் ஓர் இடத்திலிருந்து மட்டும் அவர் வெகுகாலம் நகரவில்லை. அந்த இடத்தைப் பற்றியும், அதன் பிறகு அதே ஊரில் அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

அவர் பிறந்தது 1896 மே மாதம், கோழிக்கோட்டில். இன்றைக்கு அது கேரளம். அன்றைக்கு மலபார் ஜில்லா நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே நம்ம மாகாணத்துக்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். தகப்பனார் வசதியான வக்கீல். பையனும் வக்கீல் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ., பிறகு சட்டக் கல்லூரி. படிப்பு ஒரு பக்கம் இருக்க, மனம் முழுக்க அடையாறில். அன்னி பெசன்ட் அம்மையார் ஹோம் ரூல் இயக்கம் நடத்திய சமயம் அது. சென்னைக் கல்லூரி மாணவர்களில் பாதிப்பேர் அந்த அம்மையாரின் பேச்சில் மயங்கிக் கிடந்த காலம். மேனன் மயங்கினதோடு நிற்கவில்லை, அவருடைய தொண்டர் குழாமிலேயே சேர்ந்துவிட்டார். ஆசிரியர் பயிற்சிக்காக 1924-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கொஞ்ச காலத்தில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

திரும்பவில்லை. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார், யூனிவர்சிட்டி காலேஜில் மனோதத்துவம் படித்தார், 1934-ல் பாரிஸ்டரும் ஆனார். படித்ததற்குக் குறைவில்லை, சம்பாதித்ததுதான் இல்லை. வாடகை அறை, கூடை கூடையாகக் காகிதம். மாமிசம் இல்லை, மது இல்லை, புகை இல்லை. நாளுக்கு எத்தனை கோப்பை என்று கணக்கில்லாமல் டீ, கூட ஒரு ரொட்டியோ பிஸ்கோத்தோ. உடம்பு அப்போதே கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது.

காரணம் இந்தியா லீக். ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு சின்ன அலுவலகம். அன்னி பெசன்ட் அம்மையாரின் வழிவந்த சங்கமாக, இந்தியாவுக்கு டொமினியன் அந்தஸ்து கேட்டுக்கொண்டிருந்ததை மேனன் கையில் எடுத்து, பூரண சுதந்திரம் கேட்கிற சங்கமாக மாற்றினார். என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இங்கே சத்தியாக்கிரகம் செய்தவருக்குப் பக்கத்தில் பத்துப் பேர் இருந்தார்கள், ஜெயில் வாசலில் மாலையோடு ஊரே நின்றது. அங்கே மேனன் மழையில் நனைந்துகொண்டு, இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத சுரங்கத் தொழிலாளர் கூட்டத்திலும் மாதர் சங்கத்திலும் பேசிவிட்டுக் கடைசி ரயிலைப் பிடித்து ஊர் திரும்ப வேண்டும். கைதட்டுகிறவர்கள் நம்மை ஆள்கிறவர்கள். அவர்களுடைய ஓட்டில் ஜெயித்த எம்.பி.க்களிடம்தான் நம் தலையெழுத்து இருந்தது. இதை அவர் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் இங்கே குறைவு.

1932-ல் எலன் வில்கின்சன் முதலான மூன்று ஆங்கிலேயர்களை அழைத்துக்கொண்டு வந்து இந்தியா முழுக்கச் சுற்றிக் காட்டினார். தடியடி, சிறைச்சாலை, கிராமத்து வறுமை எல்லாவற்றையும் பார்த்து எழுதிய அந்த அறிக்கை 1934-ல் வெளியானது. முன்னுரை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். சர்க்கார் இந்தியாவுக்குள் அந்தப் புத்தகம் வரக்கூடாது என்று தடை போட்டது. 1935-ல் ஜவஹர்லால் நேரு ஐரோப்பா வந்தபோது இருவருக்கும் சிநேகம் ஏற்பட்டது. நேருவின் சுயசரிதையை லண்டனில் அச்சேற்ற அலைந்தவர் மேனன்தான். 1938-ல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கு இருவருமாகப் போய் வந்தார்கள். அந்தச் சிநேகம் மேனனுக்குப் பதவி கொடுத்தது, பின்னால் நேருவுக்கு ரொம்பத் தலைவலியும் கொடுத்தது.

இன்னொரு விஷயம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். 1934 முதல் 1947 வரை மேனன் லண்டனில் செயின்ட் பேங்க்ராஸ் என்ற வட்டாரத்தின் நகராட்சி கவுன்சிலர். அடிமை நாட்டு ஆள், ஆள்கிற நாட்டின் தலைநகரில் தேர்தலில் நின்று ஜெயித்து, குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பேற்றுக்கொண்டார். தொழிற்கட்சிக்காரர். அவருக்கு ரொம்பப் பிடித்த வேலை நூலகக் குழு. ஏழைத் தொழிலாளிகள் வசிக்கும் வட்டாரத்தில் பொது நூலகம் பெருக வேண்டும் என்று பிடிவாதமாக உழைத்தார். டண்டீ தொகுதியில் பாராளுமன்றத்துக்கு நிற்கவும் ஏற்பாடு ஆகியிருந்தது. யுத்தம் வந்ததும், இவர் விசுவாசம் இங்கிலாந்துக்கா இந்தியாவுக்கா என்று கட்சி சந்தேகப்பட்டது. இடம் போயிற்று.

இப்போது ஆல்ட்விச்சுக்கு வருவோம். ஸ்ட்ராண்ட் தெருவை ஒட்டி வளைவாகப் போகிற வீதி அது. அங்கே ஹெர்பர்ட் பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய இந்தியா ஹவுஸை 1930-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். வெளிச்சுவரில் அன்றைய மாகாணங்களின் சின்னங்கள், உள்ளே வங்காள ஓவியர்கள் தீட்டிய சுவர்ச் சித்திரங்கள். அதுதான் இந்திய ஹைகமிஷனரின் அலுவலகம்.

சுதந்திரத்துக்கு முன்பே ஹைகமிஷனரா என்று கேட்பீர்கள். ஆமாம். 1920-லிருந்தே அந்தப் பதவி உண்டு. ஆனால் அது தூதர் வேலை அல்ல. இந்திய சர்க்காருக்கு வேண்டிய ரயில் சாமான், இயந்திரம், துணிமணி எல்லாம் இங்கிலாந்தில் கொள்முதல் செய்வது, அங்கே படிக்கும் நம் மாணவர்களைக் கவனிப்பது, கணக்கு வழக்கு பார்ப்பது. பெரிய ஜமீனின் காரியஸ்தர் பட்டணத்தில் தங்கிச் சாமான் வாங்கி அனுப்புவாரே, அந்த மாதிரி. முதல் ஹைகமிஷனர் சர் வில்லியம் மேயர், சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஐ.சி.எஸ். வெள்ளைக்காரர். அவருக்குப் பிறகு வந்தவர்கள் இந்தியர்கள். 1936 முதல் 1941 வரை இருந்த பிரோஸ்கான் நூன் பிற்காலத்தில் பாகிஸ்தானின் பிரதமர் ஆனார். கடைசியாக 1943 முதல் 1947 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சர் சாமுவேல் ரங்கநாதன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் அவர். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தர். அண்ணாமலையில் படித்துவிட்டு நம் ஊர்ப்பக்கம் வாத்தியார் வேலைக்கு வந்த பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்வார்கள்.

இவர்களெல்லாம் கண்ணியமான மனிதர்கள், ஆனால் சாம்ராஜ்யத்தின் ஊழியர்கள். அதே சமயம் அந்தக் கட்டடத்திலிருந்து கொஞ்ச தூர நடையில், மேனன் சாம்ராஜ்யமே கூடாது என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்க 17 வருஷம் ஆயிற்று. 1947 ஆகஸ்டில் சுதந்திர இந்தியாவின் முதல் ஹைகமிஷனராக இந்தியா ஹவுஸுக்குள் நுழைந்தார்.

நேருவின் இந்தத் தேர்வை டில்லியில் எல்லாரும் ரசிக்கவில்லை. இருபத்துமூன்று வருஷம் நாட்டிலேயே இல்லாத ஆள், சிறை காணாத ஆள், கோபக்காரர், கம்யூனிஸ்டுகளோடு பழக்கம். குறை சொன்னவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அன்றைய லண்டனை யோசியுங்கள். அட்லி பிரதமர், கிரிப்ஸ் ஒரு மந்திரி. மேனன் வருஷக்கணக்காகப் படியேறி இறங்கிய தொழிற்கட்சியின் ஆட்சி. முன்பு மனுக் கொடுக்கப் போன கதவுக்குள் இப்போது ஒரு நாட்டின் பெயரால் போகலாம். நேற்றுவரை ஆண்டவனிடம் இன்று சமமாகப் போய்ப் பேசுவதற்கு அவனை அணு அணுவாக அறிந்த ஆள் வேண்டும் என்று நேரு நினைத்தது சரிதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன பாடம். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நாம் அனுப்புகிறவர் அம்பாசடர், இங்கிலாந்துக்கு அனுப்புகிறவர் மட்டும் ஏன் ஹைகமிஷனர்? தூதரை அனுப்புவது ஒரு நாட்டுத் தலைவர், பெறுவது இன்னொரு நாட்டுத் தலைவர். ஆனால் டொமினியன்களுக்கெல்லாம் ஒரே ராஜா. 1947 முதல் 1950 வரை நமக்கும் ஆறாம் ஜார்ஜ்தான் சட்டப்படி ராஜா. ராஜா தனக்குத் தானே தூதரை அனுப்பிக்கொள்ள முடியுமா? முடியாது. அதனால் இந்தப் பெயர். காமன்வெல்த்துக்குள் இன்றும் அதே வழக்கம். குடியரசு ஆன பிறகும் நம்மவர் ஹைகமிஷனராகவே இருப்பதற்குக் காரணம் 1949-ல் நடந்த ஒரு காரியம். அதில் மேனன் பங்கு பெரிது.

அதற்கு முன் ஒரு வேடிக்கை. புது நாட்டின் பிரதிநிதி லண்டனுக்குப் போனது கையேந்திக்கொண்டல்ல, கடன் கொடுத்தவராக. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து வாங்கிய சாமானுக்கும் சிப்பாய்ச் செலவுக்கும் காசு தராமல் கணக்கில் வரவு வைத்துக்கொண்டே போனது. சுதந்திரத்தின்போது அந்த ஸ்டெர்லிங் பாக்கி நூறு கோடி பவுனுக்கு மேல். இருநூறு வருஷம் ஆண்டவர்கள் கடன்காரர்களாக நின்றார்கள். அதிலும் நாம் கேட்டபோதெல்லாம் கேட்ட தொகை வரவில்லை. 1948-ல் நம் நிதி மந்திரி கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் லண்டனுக்கே போய் உட்கார்ந்து பேசித்தான் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று.

சரி, 1949. அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தோம். இந்தியா குடியரசு என்பது முடிவாகிவிட்டது. குடியரசு ஆனால் ராஜா கிடையாது. ராஜா இல்லாவிட்டால் காமன்வெல்த்தில் இடம் கிடையாது என்பது அன்றைய விதி. பர்மா 1948 ஜனவரியில் விலகியே போயிற்று. அயர்லாந்து 1949 ஏப்ரலில் போயிற்று. நாமும் அப்படியே போயிருக்கலாம், போகச் சொன்னவர்களும் இங்கே நிறைய. இந்தியா லீகில் பூரண சுதந்திரம் என்று தொண்டை வற்றக் கத்தின மேனன்தான் முதலில் விலகச் சொல்லியிருப்பார் என்று யாரும் நினைப்போம்.

அவர் அப்படிச் செய்யவில்லை. உள்ளேயே இருப்போம், ஆனால் ராஜாவுக்குக் கீழே அல்ல என்று ஒரு வழி தேடினார். அட்லியையும் கிரிப்ஸையும் மாறி மாறிப் பார்த்தார், வாசகத்தை மாற்றி மாற்றி எழுதினார். நேருவும் லண்டன் வந்தார். கடைசியில் 1949 ஏப்ரல் 28-ல் வெளியான லண்டன் பிரகடனத்தில், இந்தியா குடியரசாகவே காமன்வெல்த்தில் தொடரும், மன்னர் அந்தக் கூட்டுறவின் அடையாளம் மட்டுமே, அந்த அளவில் அதன் தலைவர் என்று வந்தது. விசுவாசப் பிரமாணம் இல்லை, கட்டுப்பாடு இல்லை. இன்று காமன்வெல்த்தில் இருக்கிற 56 நாடுகளில் பெரும்பாலானவை குடியரசுகள். அத்தனையும் நுழைந்தது நமக்காகச் செய்த அந்த வாசல் வழியாகத்தான். இதில் பி.என். ராவ் போன்ற சட்ட நிபுணர்களுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் வெள்ளைக்காரனின் சட்ட புத்தியையும் கௌரவத்தையும் ஒருசேரத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த வாசகம் இவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது. பகையை முழுசாகப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அதை எங்கே நிறுத்துவது என்று தெரிகிறது போலும்.

பதவிக்கு வந்த பிறகும் மனிதர் மாறவில்லை. சம்பளம் பெயருக்கு ஒரு ரூபாய். ஹைகமிஷனருக்குரிய மாளிகை வாசம் வேண்டாம் என்று இந்தியா ஹவுஸிலேயே அலுவலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் படுத்துக்கொண்டார். அதே டீ, அதே பிஸ்கோத்து. நடு ராத்திரியிலும் ஊழியர்களைக் கூப்பிட்டுக் கடிதம் சொல்லுவார், தப்பு வந்தால் வாய்க்கு வந்தபடி ஏசுவார், மறுநாள் அதே ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரைத் தேடி ஓடுவார். தனக்கு எதுவும் வேண்டாம், ஆனால் நாட்டுக்குக் குறை வரக்கூடாது என்று தூதரகத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ் கார் வாங்கினார். அதற்கும் பேச்சு கேட்டார்.

பேச்சுக்கெல்லாம் பெரிய பேச்சு ஜீப். 1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை மூண்டது. ராணுவத்துக்கு வண்டி வேண்டும், உடனே வேண்டும், கையில் டாலர் இல்லை. முன்னால் சொன்னேன் அல்லவா, அந்த அலுவலகம் பிறந்ததே கொள்முதலுக்காக. அந்தப் பழைய பெட்டிக்கடை புதிய தூதரகத்துக்குள் அப்படியே இருந்தது. மேனன் வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி, முதல் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லாத ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். 2000 ஜீப்புகள், பிரித்து மாட்டிப் புதுப்பித்தவை. சுமார் 80 லட்ச ரூபாய் விவகாரம், பெரும்பகுதி முன்பணம். வந்தது 155 ஜீப். வந்ததும் ஓடுகிற நிலையில் இல்லை. சண்டையும் அதற்குள் முடிந்துவிட்டது.

சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் என்று இன்றைக்கும் பட்டியலில் முதலில் இதைத்தான் போடுகிறார்கள். தணிக்கையில் குறை வந்தது, பாராளுமன்றக் குழு கண்டித்தது, சபையில் வருஷக்கணக்கில் கூச்சல். 1955 செப்டம்பரில் உள்துறை மந்திரி கோவிந்த வல்லப பந்த் விவகாரம் முடிந்தது என்று அறிவித்தார். மேனன் கைக்கு ஒரு காசு போனதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஒரு ரூபாய் சம்பளத்தில் டீ குடித்து வாழ்ந்தவர் லஞ்சம் வாங்கினார் என்பதை அவருடைய விரோதிகளில் பலரே நம்பவில்லை. அதனால் அவர் குற்றமற்றவர் ஆகிவிடுகிறாரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தனக்கு ஆசை இல்லை என்பதாலேயே தன் கையெழுத்துக்குத் தணிக்கை வேண்டாம் என்று நினைத்தார். ஆள் பார்த்து நம்பினார். இந்தியா லீகில் பத்துப் பவுனைப் பத்து நாளைக்கு ஓட்டினவருக்கு அது பழக்கம். சர்க்கார் பணம் அப்படி அல்ல. நேரு மூடி மறைக்காமல் ஒரு பகிரங்க விசாரணைக்கு விட்டிருந்தால் மேனனுக்கே நல்லதாகப் போயிருக்கும். களங்கம் தொடைக்கப்படாமலே தங்கிவிட்டது.

எங்கள் ஊர்த் தலபுராணத்தில் சிலந்தியும் யானையும் வரும். ஜம்புகேசுவரர்மேல் வெயில் படக்கூடாது, சருகு விழக்கூடாது என்று சிலந்தி வலை பின்னும். சுவாமிமேல் அழுக்கு என்று யானை அதைப் பிய்த்தெறிந்து காவிரித் தண்ணீரை ஊற்றும். இரண்டும் பக்திதான். சண்டை போட்டு இரண்டும் மாண்டதுதான் மிச்சம். டில்லி செக்ரடேரியட் அதிகாரிகளும் மேனனும் சண்டை போட்ட கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். இதில் யார் சிலந்தி யார் யானை என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

உடம்பு தாங்கவில்லை. தூக்கம் இல்லை, தூக்கத்துக்கு மருந்து, மருந்தின் மயக்கத்திலேயே அலுவல். லண்டன் வந்த நேரு அவர் நிலையைக் கண்ணால் பார்த்துக் கவலைப்பட்டார். பதவியை விடச் சொல்லி ஜாடையாகவும் நேராகவும் எழுதினார். மேனன் அழுதார், கோபித்தார், செத்துப்போவேன் என்றார். கடைசியில் 1952-ல் விலகினார். இந்த நாடகம் நடந்த காலம் முழுக்க வேறொரு கண்ணும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் உளவுத்துறை எம்.ஐ.5 அவர் இந்தியா லீக் நாளிலிருந்தே கடிதத்தைப் பிரித்து, டெலிபோனை ஒட்டுக் கேட்டு, குறிப்பு எழுதி வந்தது. ஹைகமிஷனர் ஆன பிறகும் விடவில்லை, அவரைச் சுற்றிக் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று பயம். அந்தக் கோப்புகள் 2007-ல்தான் லண்டன் ஆவணக் காப்பகத்தில் வெளியாயின. பகலில் சமமான நாட்டுப் பிரதிநிதி என்று கை குலுக்கி, ராத்திரியில் பழைய ராஜத்துரோகியின் பெயரில் கோப்பைப் பிரித்தார்கள். கொடி மாறின அளவுக்கு மனசு மாற நாளாகும்.

பின்னால் வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பம்பாய் முதலமைச்சராக இருந்த பி.ஜி. கேர் இரண்டு வருஷம். விஜயலட்சுமி பண்டிட் 1954 முதல் 1961 வரை. சூயஸ் நெருக்கடியின்போது லண்டனில் இருந்தது அந்த அம்மாள்தான். பிறகு நீதிபதி சாக்ளா, குஜராத்தின் முதல் முதலமைச்சர் ஜீவராஜ் மேத்தா. அவசர நிலைக் காலத்தில் பி.கே. நேரு. 1985 முதல் 1988 வரை பி.சி. அலெக்சாண்டர், அங்கிருந்து நேரே நமக்குத்தான் கவர்னராக வந்தார். 1990-ல் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார், 1991 முதல் 1997 வரை சட்ட வல்லுநர் சிங்வி. பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெரியும். மற்ற நாடுகளுக்கு உத்தியோக வழியில் வந்தவர்களை அனுப்பினாலும், லண்டனுக்கு வெகுகாலம் அரசியல்வாதி, நீதிபதி, எழுத்தாளர் என்று வெளியாட்களைத்தான் அதிகம் தேடினோம். அந்த வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது மேனன் நியமனம்.

அவருடைய மீதிக் கதை பெரியவர்களுக்குத் தெரியும். ஐக்கிய நாடுகள் சபையில் கொரியா யுத்தக் கைதிகள் பிரச்சினைக்கு வழி சொன்னார். 1957 ஜனவரியில் காஷ்மீர் பற்றி ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசி மயங்கி விழுந்தார், நாடு முழுக்க அவர் பெயர் பரவிற்று. அதே வருஷம் ராணுவ மந்திரி. ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கு வித்திட்டதும், சைனிக் பள்ளிகளுக்கு வழி செய்ததும் அவர் காலத்தில்தான். உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதிநகர்ப் பள்ளி 1962-ல் வந்தது. அதே 1962 அக்டோபரில் சீனப் படை இறங்கிற்று. ஆயத்தமில்லாமல் நம் ஜவான்கள் பனியில் செத்தார்கள். பழி முழுக்க மேனன் தலையில். நவம்பரில் மந்திரிசபையை விட்டே போனார். நம் சங்கத்தில் அறுபதுகளில் படித்தவர்கள் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் என்.சி.சி. பரேடுக்கு நின்றது அந்தத் தோல்விக்குப் பிறகு, கட்டாயம் ஆக்கப்பட்டபோதுதான். அன்றைக்கு அவர் பெயரைச் சொல்லித் திட்டாத வாய் இல்லை. தளபதிகளோடு மோதினது அவர் பிழை. பணம் கேட்டுக் கிடைக்காமல் போனது அவர் பிழை அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று யாருக்கும் பொறுமை இல்லை.

1967-ல் பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1969-ல் மிதுனாப்பூர், 1971-ல் திருவனந்தபுரம் மக்கள் அவரை மறுபடி பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கல்யாணம் இல்லை, குடும்பம் இல்லை. 1974 அக்டோபர் 6-ல் டில்லியில் காலமானார்.

லண்டனில் அவரை மறக்கவில்லை. உளவுத்துறை கோப்பு சேர்த்துக்கொண்டிருந்த அதே ஊரில், 1955-ல் செயின்ட் பேங்க்ராஸ் நகராட்சி தன் பழைய கவுன்சிலருக்கு வட்டாரத்தின் கௌரவப் பிரஜை பட்டம் கொடுத்தது. அதற்கு முன் அந்தப் பட்டம் பெற்றவர் பெர்னார்ட் ஷா. 2013-ல் வடக்கு லண்டன் ஹைகேட்டில் அவர் 1929 முதல் 1931 வரை வாடகைக்கு இருந்த வீட்டுச் சுவரில் நீல வட்டப் பலகை ஒன்றைப் பதித்தார்கள். மேல்படிப்புக்கு அங்கே போகிற நம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாங்டன் பார்க் ரோடு 30-ஆம் எண்ணுக்குப் போனால் பார்க்கலாம். அங்கிருந்து ஆல்ட்விச்சுக்கு பஸ்ஸிலேயே போகலாம். இந்தியா ஹவுஸ் அதே இடத்தில், வெளிச்சுவரில் பழைய மாகாணச் சின்னங்களோடு இருக்கிறது. அதில் நம் சென்னை மாகாணத்துடையதும் ஒன்று.